அவள் ஊற்றிய வினிகர்

செவ்வாய்க்கிழமை காலை மாமியார் போன் செய்தபோது, அவன் லேப்பில் குடிநீர் மாதிரிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். மகளின் துணிமணிகளைப் பார்க்க வேண்டும், மதியம் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும், தனக்கென்று எதுவும் சமைக்க வேண்டாம். போனை வைக்கப் போகிற நேரத்தில்தான் அதைக் கேட்டார்.

"அவ போட்டு வெச்ச பீட்ரூட் பாட்டில் ஏதாச்சும் மிச்சமிருந்தா எனக்கு எடுத்து வைங்க, மாப்பிள்ளை."

இருக்கிறது அத்தை, ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

ஒரு பாட்டில் இருந்தது உண்மை. பிரிட்ஜின் கீழ்த்தட்டில், மருந்து டப்பாக்கள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஐந்து மாதமாக அவன் தொடாமல் வைத்திருந்தான். சாப்பிடவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. அது அவன் மனைவி கடைசியாகச் செய்தது. வாயில் வைக்க முடியாத புளிப்பு.

அவள் எப்போதும் அளந்து போட்டவள் இல்லை. வினிகரும் சர்க்கரையும் கொதிக்கும்போது கரண்டி நுனியால் தொட்டு நாக்கில் வைப்பாள், கண்ணை மூடுவாள், இன்னும் கொஞ்சம் என்பாள். அதைப் போட்ட மாதம் புற்றுநோய் சிகிச்சை அவள் நாக்கைத் தின்றிருந்தது. தண்ணீர்கூட இரும்பாக இருக்கிறது என்று கப்பைத் தள்ளுவாள். ஆனாலும் ஒரு நாள் பிடிவாதமாக எழுந்து வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். ஊற்றினாள், தொட்டுப் பார்த்தாள், புளிக்கவில்லை என்றாள், மறுபடி ஊற்றினாள். ஒன்றரை பாட்டில் வினிகர் போனது. அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டு நாள் கழித்து ஒரு துண்டைக் கொடுத்து எப்படி என்று கேட்டாள். தொண்டை எரிந்தது. "பிரமாதம்" என்றான். அவள் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இந்த பாட்டில் அத்தையின் கைக்குப் போகக் கூடாது. காரணம் இருந்தது.

அத்தைக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அம்மாவிடம் சொல்லாதே, சொன்னால் எனக்கு முன்னால் அவள் போய்விடுவாள் என்று மனைவி அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால் போனில் அது வெறும் அல்சர். தலைமுடி போன பிறகு போனின் கேமராவும் 'உடைந்துபோனது'. கடைசி வாரம்தான் அவன் அத்தையை அழைத்தான். அவர் பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது மகள் கண் திறக்கவில்லை. திடீரென்று முற்றிவிட்டது அத்தை, டாக்டர்களே எதிர்பார்க்கவில்லை என்று ஆஸ்பத்திரி நடைபாதையில் வைத்துச் சொன்னான். அவர் அதை அப்படியே வாங்கிக்கொண்டார். அந்த ஒரு பொய்யின் மேல்தான் இன்றைக்கும் இருவரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அத்தையோ இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில் வேலை பார்த்தவர். எந்த வார்டிலிருந்து தட்டு அப்படியே திரும்பி வருகிறது, எந்த வார்டுக்காரர்கள் உப்பு இல்லை, புளிப்பு இல்லை என்று சண்டை போடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இந்த பாட்டிலில் ஒரு துண்டை வாயில் போட்டால் போதும். மகளுக்கு என்ன சிகிச்சை நடந்தது, எத்தனை மாதமாக நடந்தது என்று நாக்கே சொல்லிவிடும்.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறொரு பாட்டில் வேண்டும்.

அன்று சாயங்காலமே இரண்டு கிலோ பீட்ரூட் வாங்கி வந்தான். பாதி வேலை அவனுக்குத் தெரியும். காம்பில் ஒரு விரல் நீளமும் கீழே வாலும் விட்டுத்தான் வேகவைக்க வேண்டும். வெட்டிவிட்டால் நிறமெல்லாம் தண்ணீரில் போய்விடும். வெந்ததும் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கட்டைவிரலால் தள்ளினால் தோல் சட்டை மாதிரி கழன்று வரும். அந்த வேலை எப்போதும் அவனுடையது. நான்கு வருடமாகத் தோலுரித்தே பழகியவனுக்கு, அடுப்புப் பக்கம் நடந்தது என்னவென்று தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே அளவு அந்தக் கடைசி நாளின் அளவு. அதில் பாதி ஊற்றிப் பார்த்தான். சர்க்கரையைக் கண்டபடி போட்டான். இருமல் மருந்து மாதிரி வந்தது.

மறுநாள் மாடி வீட்டுத் தையல்காரம்மாவிடம் போனான். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவியிடம் இதைச் செய்யக் கற்றுக்கொண்டவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். விஷயத்தை முழுதாகச் சொல்லவில்லை. அத்தை வருகிறார், கேட்டார் என்று மட்டும் சொன்னான். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊரு தண்ணியெல்லாம் அளந்து சொல்ற ஆளு, ஒரு சட்டி சர்க்கரைக்கு எங்கிட்ட வந்து நிக்கறீங்க."

பிறகு கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். வினிகர் இரண்டு கப் என்றால் சர்க்கரை ஒரு கப்பும் மேலே ஒரு கைப்பிடியும். பீட்ரூட் வெந்த தண்ணீர் ஒரு கப். உப்பு, நாலைந்து கிராம்பு, ஒரு துண்டு பட்டை. கொதித்துப் பளபளப்பு வந்ததும் சூடாகவே பாட்டிலில், பாட்டிலும் சூடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் விடும். ஒரு இடத்தில் அக்கா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். உங்க வீட்டுக்காரி இப்படித்தான் என்னை அடுப்புகிட்டயே விடமாட்டா என்று சொல்லிவிட்டு, பாட்டிலின் வாயைத் துணியால் துடைத்து வைத்தார்.

மூடும் முன் தொட்டுப் பார்த்தான். முதலில் இனிப்பு, அடுத்து புளிப்பு, கடைசியாக நாக்கின் ஓரத்தில் கிராம்பு. அப்படியே அவள் செய்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. அவன் குழாயைத் திறந்து சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தான்.

பழைய பாட்டிலைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து, மேல் அலமாரியில் ஒரு பாத்திரத்துக்குள் வைத்துத் தட்டால் மூடினான். கீழ்த்தட்டில் அந்த இடத்தில் புதியதை வைத்தான்.

ஞாயிறன்று அத்தை பன்னிரண்டு மணிக்கு வந்தார். இளைத்திருந்தார். அவனைப் பார்த்து, நீங்கதான் பாதியாயிட்டீங்க என்றார். அலமாரியைத் திறந்து மகளின் துணிகளைக் கட்டிலில் எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றாக விரித்து, மடித்தது மாதிரியே மறுபடி மடித்தார். ஒரு பச்சைச் சட்டையில் பட்டன் ஒன்று அறுந்திருந்தது. இதக்கூட வெச்சு தைக்க மாட்டா, சோம்பேறி என்று திட்டினார். முடிவில் அந்தப் பச்சைச் சட்டையும் இன்னொன்றுமாக இரண்டே இரண்டு துணியை மட்டும் பைக்குள் வைத்தார். மீதியை நீங்களே வைத்திருங்கள் என்றார்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறும் பருப்பும் வைத்திருந்தான். அத்தை தட்டைப் பார்த்துவிட்டு பாட்டிலைக் கேட்டார்.

அவன் கொண்டுவந்து வைத்தான். மூடி இறுக்கமாக இருந்தது, அத்தையே திறந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எப்போது போட்டது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவன் தயாராக இல்லை. அத்தனையும் யோசித்தவன் இதை யோசிக்கவில்லை. அவள் போவதற்கு இரண்டு மாதம் முன்னால் என்று, உண்மையான மாதத்தையே சொல்லிவிட்டான்.

அத்தை ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார். விழுங்கினார். இன்னொன்று எடுத்தார். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"நல்லா இருக்கு" என்றார். "நீங்க செஞ்சதா?"

அவன் நிமிரவில்லை. அவள்தான் செய்தாள் என்றான்.

"அப்ப அவளுக்குப் புளிப்பே தெரியாதே, மாப்பிள்ளை."

அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

அத்தை குரலை உயர்த்தவில்லை. சமையலறைக்காரர்கள் கணக்குச் சொல்வது மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த மாதம் மகள் தனக்கும் ஒரு பாட்டில் அனுப்பினாள். அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அந்தப் பக்கம் போகிற வேன்காரரிடம் கொடுத்துவிட்டிருந்தாள். அம்மாவுக்குத் தன் கையால் ஏதாவது அனுப்ப வேண்டும் என்று தோன்றியிருக்கும், வேறென்ன. அத்தை அன்று சாயங்காலமே திறந்தார். ஒரு துண்டு. அவ்வளவுதான். அல்சருக்கு இவ்வளவு வினிகர் ஊற்றுகிறவள் யாரும் இல்லை. இருபத்திரண்டு வருடம் புற்றுநோய் வார்டுக்கும் தட்டு அனுப்பிய கை அது. பாட்டிலை மூடி வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். விடிய விடிய மார்பு வலித்தது, ஆனால் சாகவில்லை.

"மறுநாள் போன் பண்ணி எப்படிம்மா இருக்குன்னு கேட்டா. ரொம்ப நல்லா இருக்குடின்னேன்."

"நானும் அப்படித்தான் சொன்னேன், அத்தை."

"சொல்லாம வேற என்ன பண்றது."

அவர் ஒரு மடக்கு தண்ணீர் குடித்தார். அவனுக்கு ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. தெரிந்தும் ஏன் வரவில்லை என்று கேட்டான். கேட்டபோதே அந்தக் கேள்வி அவன் பக்கமே திரும்புவது தெரிந்தது.

நான் வந்து நின்றால் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும், அவள் அவ்வளவு கஷ்டப்பட்டு மறைத்து வைத்திருந்தாள் என்றார் அத்தை. நீங்களாகக் கூப்பிட்டால் அது வேறு. மாப்பிள்ளை கூப்பிட்டார், வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதனால் பையில் இரண்டு செட் துணி எடுத்து வைத்துவிட்டு, போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இருந்தார். இரண்டு மாதம்.

"தினமும் நீங்க கூப்பிடுவீங்கன்னு இருந்தேன், தம்பி."

மாப்பிள்ளை தம்பியானதை அவன் கவனித்தான். அவள் வேண்டாம் என்றாள், சத்தியம் வாங்கினாள் என்று சொல்ல வாயெடுத்தான்.

"வேணாம்னுதான் சொல்லுவா. அவ என் பொண்ணு, எனக்குத் தெரியாதா? நீங்க மீறியிருக்கணும்."

மாடியில் தையல் மெஷின் ஓடி நின்றது. அத்தை அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோற்றில் தண்ணீர் ஊற்றி, தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி நின்றார்.

"எனக்கு அனுப்பினது தீந்துபோச்சு. தினமும் ஒரு துண்டுன்னு வெச்சுத் தின்னேன். அவ செஞ்சது எங்க இருக்கு?"

அவன் ஸ்டூல் போட்டு ஏறி, பாத்திரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தான். இந்த பாட்டிலின் நிறம் இன்னும் கருத்திருந்தது. அத்தை மூடியைத் திறந்து ஒரு துண்டை எடுத்தார். முகம் சுருங்கியது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. புளிப்பாலா அழுகையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதேதான் என்று தலையை ஆட்டினார். பாட்டிலை அவன் பக்கம் நீட்டினார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவனும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டான். தொண்டை எரிந்தது. அவனால் பிரமாதம் என்று சொல்ல முடியவில்லை. சொல்லிக் கேட்க ஆளும் இல்லை.

"கொடுமையா புளிக்குது அத்தை" என்றான். முதல் தடவையாக.

"ஆமா" என்றார் அத்தை. "கொடுமைதான்."

நான்கரை மணி பஸ். பாட்டிலை ஒரு துண்டுத் துணியில் சுற்றி, பச்சைச் சட்டைக்கு நடுவில் வைத்தார். பாதியை உங்களுக்கு எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டார். அவனுக்கு வேண்டும். இவ்வளவு நாள் தொடாமல் வைத்திருந்தவனுக்கு இப்போதுதான் வேண்டும் என்று தெரிந்தது. உங்களிடமே இருக்கட்டும் என்றான். இரண்டு மாதம் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் வேறு எதைத் தருவது.

பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் ஓரச் சீட் பிடித்துக் கொடுத்தான். அத்தை பையை மடியில் நிமிர்த்தி வைத்து, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாத்திரை போட மறக்காதீர்கள் என்றான். இனிமேல் ஏதாவது என்றால் மறைக்காமல் சொல்லுங்கள் என்றார் அத்தை.

சரி என்றான். மறைக்க இனி யாரும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. பஸ் கிளம்பும்வரை இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.