ரசம் கசக்கிறது

சோற்றில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று என் தம்பி செம்மலுக்கு மூன்று வருடமாகச் சந்தேகம். காதில் குரல் கேட்கிறது, எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனா தன்னை வேவு பார்க்கிறது என்று அவன் சொல்பவற்றில் இதுவும் ஒன்று. மற்றதெல்லாம் எப்படியோ, கலந்தது நிஜம். கலந்தது நான்தான்.

வேறென்ன செய்ய? டாக்டர் கொடுத்த மாத்திரையைக் கையில் கொடுத்தால் ஜன்னல் வழியே வீசிவிடுவான். கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கடைசியில் பொடித்து ரசத்தில் போட்டேன். எனக்குத் தெரிந்த இன்னும் இரண்டு வீடுகளிலும் இப்படித்தான். "ரசம் கசக்குதுக்கா" என்பான். "ஒன் நாக்குலதான் கோளாறு, பேசாமத் தின்னுடா" என்று சத்தம் போடுவேன்.

மனநல ஆலோசனையும் வேண்டும் என்று டாக்டர்தான் புதுக்கோட்டையில் பிரகதீஸ்வரி மேடத்திடம் அனுப்பினார். வாராவாரம் பஸ் ஏறிப் போய்ப் பேசினால் நோய் போய்விடுமாக்கும் என்று எனக்கு எரிச்சல். ஆனால் அந்தம்மா ஒருநாளும் அவன் சொல்வதைக் கேட்டு ஏளனமாகச் சிரித்ததில்லை. அவனும் அங்கே மட்டும்தான் தலை நிமிர்ந்து உட்காருவான்.

அன்றைக்கு என்னையும் உள்ளே கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள், நடுவில் கோடு. கலக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் ஒரு பக்கம், இல்லை என்பதற்கு மறுபக்கம் என்று வீட்டில் எழுதி வரச் சொல்லியிருந்தார். ஒரு பக்கம் எழுதியிருந்தான்: 'கசக்குது. சாப்பிட்டாத் தூக்கம் வருது.' மறுபக்கம் ஒரே வரி: 'ஆக்குறது அக்கா. அக்கா அப்படிச் செய்யாது.'

"எந்தப் பக்கம் கனமாத் தெரியுதுங்க, செம்மல்?" என்று கேட்டார் மேடம்.

"அக்கா பக்கந்தான் மேடம். என் நாக்குலதான் கோளாறு போல."

வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். சொன்னால் இனி என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். ஆனால் சரியாகச் சொன்ன நாக்கை அவனே பொய் என்கிறானே! பாவி நான், எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

"நாந்தான்டா கலந்தேன். மாத்திரைய. ஒன் நாக்குல ஒண்ணுமில்லடா."

அவன் என்னைப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து அந்த ஒற்றை வரியை அடித்தான். பிறகு மேடத்திடம், "அப்ப இது நெசம். ஆன்டெனா?" என்றான்.

"அதையும் இதே மாதிரி ஒக்காந்து பாப்போங்க. அவசரமில்ல."

திரும்பும்போது பஸ்ஸில் தள்ளி வேறு சீட்டில் போய் உட்கார்ந்தான். எங்கள் ஊரான திருவரங்குளத்தில் இறங்கியதும் என் முன்னால் வந்து கையை நீட்டினான்.

"மாத்திரை அட்டையக் குடுக்கா. நானே போட்டுக்கிறேன்."

இந்த ஒரு வார்த்தைக்காக மூன்று வருடம் மாதா கோயிலில் முழங்காலில் நின்றவள் நான். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"இனிமே சோறும் நானே ஆக்கிக்கிறேன்" என்றான்.

"சரிடா" என்றேன். அவன் முன்னால் நடந்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன்.