மெத்தை இல்லாத மைதானம்

கோலூன்றித் தாண்டுகிற அவளை விளையாட்டு வளாகத்தில் எல்லோரும் ‘கம்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். இதே மைதானத்தில் நடக்கப்போகும் தேசிய அணித் தேர்வுப் போட்டிக்கு எட்டே நாள். கோலை ஒரு முனையில் அவளும் மறுமுனையில் அண்ணியுமாகத் தோளில் சுமந்து, விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றால், விழுவதற்கு மெத்தையைக் காணோம்.

மேற்கு கேலரிக்கு அடியில் ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிட்டார்களாம். அதுவும் இரண்டு பூட்டு.

“ஒரு சாவி எங்கிட்ட இருக்கு. இன்னொண்ணு இன்ஜினியர்கிட்ட,” என்றார் ஸ்டோர் கிளார்க், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

இன்ஜினியர் நீச்சல் குளத்தில் பெயர்ந்த டைல்ஸை எண்ணிக்கொண்டிருந்தார். “டைரக்டர் கையெழுத்து வேணும்மா.” டைரக்டரோ மீட்டிங்கில். எதைப் பற்றி? வளாகத்தின் வசதிகளைப் பற்றி. நான்கு நாள் இரண்டு பேரும் நாயாய் அலைந்தார்கள்.

ஐந்தாம் நாள்தான் கதவு திறந்தது. உள்ளே மெத்தை குற்றுயிரும் குலையுயிருமாகக் கிடந்தது. உறை கிழிந்து ஸ்பாஞ்ச் வெளியே பிதுங்கியிருந்தது.

“புது ஸ்கோர்போர்டை லாரியிலேருந்து இறக்கறப்போ அடியில போட்டோம். கண்ணாடியாச்சே, உடைஞ்சிடக் கூடாதுல்ல?” என்றார் கிளார்க்.

“நான் உடைஞ்சா பரவாயில்லையா?” என்றாள் கம்பு.

அண்ணிக்குத் தையல்தான் தொழில். சாக்குத் தைக்கும் ஊசியைக் கொண்டுவந்து, மல்யுத்தக் கூடத்தில் கழித்துப் போட்ட விரிப்புகளை உள்ளே திணித்து, இரண்டு நாள் மண்டி போட்டுத் தைத்தாள். விரலெல்லாம் பொத்தல். ஏழாம் நாள் கம்பு மூன்றரை மீட்டரைத் தாண்டி அதில் விழுந்தாள். முதுகு தப்பித்தது.

தேர்வன்று நடுவர் வந்து மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்தார். “இதுல யாரையும் விழ விட முடியாது. போட்டி ரத்து.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். வெளியூர்களிலிருந்து வந்திருந்த நாலு பெண்கள் அழுதபடி கோலை உறைக்குள் செருகினார்கள். கம்புக்கு அழுகை வரவில்லை. காது சுட்டது. விறுவிறுவென்று டைரக்டர் அறைக்குள் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்த அண்ணி கதவோரம் நின்றுகொண்டாள்.

“மெத்தை இல்லாததால போட்டி நடக்கலன்னு எழுதிக் குடுங்க சார். தடகளச் சங்கத்துக்கு அனுப்பி மறுபடி தேர்வு வைக்கச் சொல்லணும்.”

“நாளைக்கு வாம்மா.”

“நாளைக்கு நாளைக்குன்னு அலையவிட்டதாலதான் சார் இங்க வந்து உக்காந்திருக்கேன்.”

இரண்டு மணி நேரம் அவள் அசையவில்லை. கடைசியில் கையெழுத்தும் சீலுமாகக் கடிதம் வந்தது. அண்ணி வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ‘நீளம் தாண்டுதல்’ என்று டைப் அடித்திருந்தார்கள்.

“நீ என்ன தாண்டறேன்னுகூட இவங்களுக்குத் தெரியலையேடி!”

கம்பு கடிதத்தை மேசைமேல் திரும்ப வைத்தாள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“திருத்திக் குடுங்க சார். இருக்கேன்.”