பிடி உன் பக்கம்

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விஜியால் விட முடியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டப்பிங் டைரக்டர் கிருஷ்ணபிரசாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எடீ விஜீ, இது பிள்ளேர் காணுந்ந சாதனமாணு கேட்டோ" என்று, குழந்தைகள் பார்க்கிற படம் இது என்பதை நினைவூட்டினார்.

கார்ட்டூன் தொடரின் கடைசிப் பகுதி அது. மலையாள வசனம் விஜி எழுதியது. தாரின் என்கிற வாள்வீராங்கனை, தொடர் முழுக்கத் தன்னோடு மோதிய இலோவாவின் முன்னால் மண்டியிட்டு, 'உன் முன்னால் வாள் வைக்கிறேன்' என்கிறாள். மலையாளத்தில் 'வாள் வைப்பது' என்றால் குடிகாரன் வாந்தியெடுப்பது. மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மனசு கனத்துவிட்டால் அவளுக்கு வீட்டுத் தமிழ்தான் முன்னால் வந்து நிற்கும். தமிழில் நினைத்ததை அப்படியே மலையாளத்தில் எழுதிவிட்டாள். தாரினுக்குக் குரல் கொடுப்பவளும் அவளே என்பதால், மைக்கின் முன்னால் அழுத்தம் திருத்தமாக வாந்தியும் எடுத்துவிட்டாள்.

பக்கத்து மைக்கில் இலோவாவாக நின்ற மஞ்சுஷா மட்டும் சிரிக்கவில்லை. அதுவே விஜிக்குப் போதுமாக இருந்தது.

இருவரும் ஒரே சந்துக்காரர்கள். இருவரின் அப்பாக்களும் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தவர்கள். விஜி இரண்டு வயது மூத்தவள். ஆனால் நான்கு வருடமாக, தனியாக இருக்கும்போது, மஞ்சுஷாவைத்தான் அவள் 'சேச்சி', அதாவது அக்கா, என்று கூப்பிடுகிறாள். அது மஞ்சுஷாவே கண்டுபிடித்த வேடிக்கை. "இங்க பொண்டாட்டிமாரு புருசனை சேட்டாங்கறாங்க. சேட்டன்னா அண்ணன்தானே? அண்ணனைப் புருசனாக்கலாம்னா அக்காவை ஆக்கக்கூடாதா? நீ என்னைச் சேச்சின்னு விளி. மூத்தவ இளையவளைச் சேச்சின்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான்" என்றாள் அன்றைக்கு. தமிழில் தங்களுக்கு ஒரு சொல் கிடைக்காத குறை அதோடு தீர்ந்தது.

தொடரை இருவரும் ஒரே போனில் தலையோடு தலை முட்டப் பார்த்தார்கள். விஜி நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொல்லுவாள். சண்டையில் இவர்கள் வாளையா பார்க்கிறார்கள், கண்ணைப் பார்க்கிறார்கள். ஒரு சண்டையில் உறை மாறிப் போனதே, அதற்கப்புறம் யாராவது திருப்பிக் கேட்டார்களா? அவள் வாள் இவள் உறையில், இவள் வாள் அவள் உறையில், கச்சிதமாகப் பொருந்தி இருக்கிறது. எதிரி என்றால் முனையை நீட்டுவார்கள். கைப்பிடியை நீட்டினால், அந்த நாட்டு வழக்கப்படி, உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று பொருள். ஆரம்பப் பகுதி ஒன்றில் இலோவாவின் அம்மா அப்பாவுக்கு அப்படித்தான் கல்யாணம் நடக்கிறது. கடைசிப் பகுதியில் தாரின் நீட்டுவதும் கைப்பிடியைத்தான். இதற்கு மேல் ஒரு படம் எப்படித்தான் சொல்லும், தமுக்கா அடிக்கும்?

இதையெல்லாம் விஜி கிருஷ்ணபிரசாத்திடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்பவர்கள்தான் மசியவே மாட்டார்கள்.

"இந்த ஸீனே மாத்தி எழுதாம். ரண்டு பெண்குட்டிகள், ஸகோதரிகளைப் போலே. அது மதி." அவ்வளவு போதும் என்று முடித்துவிட்டார்.

தவறுதலாக ஒரு வரி வந்தது, அதைச் சாக்காக வைத்து ஒரு காதலையே வழித்துப் போட்டார் மனிதர். அப்போதுதான் மஞ்சுஷா வாயைத் திறந்தாள்.

"ஸார், தாரின் இலோவாவைச் 'சேச்சி'ன்னு மட்டும் விளிச்சா மதியில்லே? வேறே டயலாக்கே வேண்டா."

கிருஷ்ணபிரசாத் முகம் மலர்ந்தது. விஜியின் முகம் அதைவிட மலர்ந்தது. என்ன சாமர்த்தியம்! ஊருக்கு அது பாசம், தங்களுக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். தங்கள் சொல்லைக் கள்ளத்தனமாகப் படத்துக்குள் ஏற்றிவிட்டாள் என்று பூரித்துப்போனாள். இருவருமாகக் குடியிருக்க, தேவராப் பக்கம் ஒரு மாடி வீடு பார்த்து வைத்திருந்தாள் விஜி. இரண்டு பெண்கள் தங்கினால் எதிர்ப்பில்லை என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். பதில் சொல்ல இன்றைக்குத்தான் கடைசி நாள். வேலை முடிந்ததும் மஞ்சுஷாவிடம் கேட்டுவிட வேண்டியதுதான்.

பதிவு தொடங்கியதும் விஜி மைக்கைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். "சேச்சீ" என்றாள். நான்கு வருடமும் அந்த ஒரு சொல்லில் இறங்கியது. ஒரே டேக்கில் ஓகே.

"இதாணு மோளே ஸகோதரி ஸ்நேகம்!" என்று கிருஷ்ணபிரசாத் கைதட்டினார்.

வேலை முடிந்து இறங்கியபோது, ஸ்டுடியோவுக்குக் கீழே இருந்த பழைய சுக்குக் கிடங்கின் வாசலில், ஒருவன் பைக்கில் சாய்ந்து நின்றான். விஜி வாயெடுப்பதற்குள் மஞ்சுஷா முந்திக்கொண்டாள்.

"விஜீ, இது அனீஷ். ஆலுவாக்காரர், நம்ம தமிழாளுதான். வீட்டுல கல்யாணம் உறப்பிச்சாச்சு." பிறகு அவன் பக்கம் திரும்பி, "சேட்டா, நான் சொன்னேனே, இதுதான் விஜி சேச்சி."

சேட்டா. எத்தனை சுலபமாக வந்தது அந்தச் சொல்! நான்கு வருடம் விஜியிடமிருந்து அவளுக்குப் போன 'சேச்சி', இப்போது அவளிடமிருந்து திரும்பி வந்தது. இளையவள் மூத்தவளைச் சேச்சி என்றால் அதற்கும் ஒரே அர்த்தம்தான். பிடியை நீட்டிக் கொடுத்த வாளை வாங்கி, முனையைத் திருப்பிக் காட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அனீஷ் நல்ல பையனாகத்தான் தெரிந்தான். அதுவும் எரிச்சலாக இருந்தது. "சேச்சி, எனிக்கு அக்கா தங்கச்சி கிடையாது. தாலி கட்டும்போ மிச்சம் ரெண்டு முடிச்சு நாத்தனாருதானே போடணும்? மஞ்சு சொன்னா, நீங்க போட்டா மதின்னு. நீங்கதான் வரணும் கேட்டோ" என்றான். மூன்று சாயா வாங்கிவரப் போனான்.

"நீயா சொன்னே?" என்றாள் விஜி.

மஞ்சுஷா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஆமா. ஒரு முடிச்சு அவரு, ரெண்டு நீ. உனக்குத்தான் கூடுதல். என் பின்னாடி, என் கழுத்துக்கிட்ட, எல்லாரும் பாக்க நீ நிப்பே. இதுக்கு மேலே என்னாலே ஆகாது விஜி. எதுக்கெடுத்தாலும் அர்த்தம் சொல்லுவியே, இதுக்கும் நல்லதா ஒண்ணு சொல்லிக்கோ."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. மனசாரத்தான் சொல்கிறாள். அதுதான் கொடுமை. கேலியாகச் சொல்லியிருந்தால் ஒரு அறை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். உறையும் பிடியும் பார்க்கக் கற்றுக்கொடுத்தது விஜிதான். அந்தப் பாடத்தையே மஞ்சுஷா பொட்டலம் கட்டி அவள் கையில் கொடுக்கிறாள், இதைத் தின்று காலந்தள்ளு என்று. அவளுக்கு ஒரு வீடும் புருஷனும். விஜிக்கு ஒரு அர்த்தம்.

"அர்த்தம் எல்லாம் வேற ஒண்ணும் கிடைக்காதவங்களுக்குடீ" என்றாள் விஜி. "எனக்கு வேண்டாம். முடிச்சுப் போட வேற ஆளைப் பாரு, மஞ்சுஷா."

பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் மஞ்சுஷா முகம் வெளுத்தது. சாயாவோடு வந்த அனீஷ், "சேச்சி போறாங்களா?" என்று கேட்டது முதுகுக்குப் பின்னால் விழுந்தது. விஜி திரும்பவில்லை. பஜார் முனையில் நின்று தேவரா வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டு, வீடு வேண்டாம் என்றாள். என்ன ஆச்சு, உங்கள் தோழிக்கு, அந்தக் கூட்டுகாரிக்கு, பிடிக்கவில்லையா என்று அவர் மலையாளத்தில் கேட்டார்.

"கூட்டுகாரி இல்லே" என்றாள் விஜி. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அனியத்தி. கல்யாணமாயி."

தங்கை என்று சொன்னாள். அந்த மனிதர் உடனே நம்பினார். டப்பிங்கில் பழகிய குரல், ஒரே டேக்கில் ஓகே ஆகிவிட்டது.