பெட்டிக்குள் வந்த றபீக்கா

எங்கள் ஊரில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேற வேண்டும். காத்தான்குடியில் வாவிக்கரையோரம் பஸ்னாவுக்கு அவளுடைய வாப்பா கட்டிக்கொடுத்த வீட்டுக்கு நிஸ்தாரும் அப்படித்தான் வந்தான், ஒரு சூட்கேசோடும் ஒரு காட்போட் பெட்டியோடும். சூட்கேசில் என்ன இருக்கிறதென்று பஸ்னா ஒரு மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிட்டாள். காட்போட் பெட்டிக்குள் ஒரு பெண் இருப்பது தெரிய மூன்று மாதம் பிடித்தது.

பெட்டிக்குள் இருந்தது டிவியில் பூட்டி விளையாடும் பழைய விளையாட்டு மெசின். ஒருநாள் காலையில், நிஸ்தார் தன் புடவைக்கடைக்குப் போன பிறகு, பொழுது போகாமல் அதைப் பூட்டிப் பார்த்தாள். இருந்தது ஒரே ஒரு சீடி, ஊரில் வேறு எவரும் கேள்விப்பட்டிராத ஏதோ ஜப்பான்காரன் விளையாட்டு. பேய் பிடித்த ஆஸ்பத்திரி ஒன்றுக்குள் நாலு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பேய்களோடு சண்டை பிடித்துப் பிடித்துப் பலம் கூட்டி, வெளியே வர வழி தேட வேண்டும். நாலு பேருக்கும் விளையாடுகிறவரே பெயர் வைக்கலாம்; நிஸ்தார் முந்தி வைத்த பெயர்கள் அப்படியே கிடந்தன. முன்னால் இரும்புக் கம்பியோடு நின்றவனின் பெயர் நிஸ்தார். அடுத்தவன் பஹ்மி, அது அவனுடைய கூட்டாளி. நாலாவது ஆளுக்குப் பெயரே வைக்கவில்லை. மூன்றாவதாக, மருந்துப் பையும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு மருத்துவச்சி நின்றாள். அவள் தலைக்கு மேலே றபீக்கா என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

பஸ்னா உடனே நிஸ்தாரின் தங்கச்சிக்குப் போன் எடுத்தாள்.

“அகீலா, உங்கட காக்காட பேய் விளையாட்டுக்குள்ள இருக்கிற இந்த றபீக்கா ஆரு புள்ள?”

“எங்கட மாமிட மகள் மதினி. ஏறாவூர்ப் புள்ள, அங்கயே கலியாணம் முடிச்சிருக்கா. பத்து வருசத்துக்கு முந்தி, அவக்குப் பத்தொன்பது வயசில, காக்காவும் அவவும் சேந்துதான் அந்தப் பேய் விளையாட்ட விளையாடுவாங்க.” அகீலா கொஞ்சம் யோசித்தாள். யோசித்தபிறகாவது வாயை மூடியிருக்கலாம். “அவக்கும் காக்காக்கும் கலியாணம் பேசின. சரிவரல்ல.”

ஏறாவூர் றபீக்காவைப் பஸ்னா தன் கலியாணத்தன்று பார்த்திருக்கிறாள். மூன்று பிள்ளைகள், இரட்டைத் தாடை, மூச்சிரைப்பு. அவளோடு பஸ்னாவுக்கு ஒரு கோபமுமில்லை. பெட்டிக்குள் இருந்தவளுக்குத்தான் இன்னும் பத்தொன்பது வயது. பிள்ளையும் இல்லை, தாடையும் இல்லை, அவள் கறியில் உப்புக் கூடிவிட்டதென்று நிஸ்தார் முணுமுணுப்பதும் இல்லை. தன் வாப்பா கட்டிய வீட்டில் தனக்குத் தெரியாமல் ஒருத்தி மூன்று மாதம் குடியிருந்திருக்கிறாள் என்று நினைக்கப் பஸ்னாவுக்கு வயிறு எரிந்தது.

“அதில மவுத்தானா மவுத்துதான் மதினி, திரும்பி எழும்பி வாறல்ல,” என்று அகீலா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். “கடைசியில ஒரு கதவு வரும். நாலு பேரில ஒராள அதுக்குக் குடுத்தாத்தான் திறக்கும். காக்கா அந்தக் கதவடி மட்டும் போயிட்டு அப்பிடியே விட்டுட்டாரு.”

“ஒருத்தரயும் குடுக்கல்லியா?”

“குடுக்கல்ல.”

ஏன் கொடுக்கவில்லை என்று பஸ்னாவுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. அவன் கொடுக்காவிட்டால் நான் கொடுக்கிறேன் என்று அன்றே முடிவெடுத்தாள்.

ஆனால் நிஸ்தார் கடைசியாகச் சேமித்துவைத்திருந்த இடத்துக்கும் கதவுக்கும் நடுவில் நீளமான நடை ஒன்று இருந்தது, அதில் பேய்கள் இருந்தன, பஸ்னாவுக்கோ கொன்ரோலரைப் பிடிக்கவே தெரியாது. தினமும் உலையை இறக்கிவிட்டு டிவியின் முன்னால் குந்துவாள். முதல் பேயிடமே நிஸ்தார் அடிவாங்கிக் குற்றுயிராய் விழுவான். உடனே றபீக்கா ஓடிவந்து மருந்து கொடுப்பாள். அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பி நிற்பான். போன கிழமை அவனுக்குத் தடிமன் வந்தபோது பஸ்னா இஞ்சி போட்டுக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். அரைக் கோப்பை குடித்துவிட்டு, காரமாயிருக்கு என்று வைத்துவிட்டான் அந்த மனிசன். இங்கே மட்டும் எப்படி இறங்குகிறது?

றபீக்காவின் உதவியில்லாமல் ஒரு அடி நகர முடியவில்லை என்பதுதான் பெரிய அவமானம். அவளைக் கொல்லப் போவதற்கு அவளுடைய மருந்தையே குடித்துக் குடித்துப் போக வேண்டியிருந்தது. பதினோராம் நாள் கதவு வந்தது.

நாலு பேரும் வரிசையாக நின்றார்கள். பஸ்னா றபீக்காவைத் தெரிந்தெடுத்தாள். நீங்கள் போங்கள், நான் இங்கே நிற்கிறேன் என்று அவள் சொல்வதாகத் திரையில் எழுத்து வந்தது. நல்லவள் மாதிரி நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பஸ்னா பட்டனை அமத்தினாள். வெள்ளைச் சட்டை கதவுக்குள் போனது, கதவு திறந்தது. பஸ்னாவுக்குப் பெருநாள் போல இருந்தது. உள்ளே இருந்த கடைசிப் பேய் அடுத்த நிமிசமே நிஸ்தாரை அடித்துப் போட்டது. கதவு திறந்த இடத்திலிருந்து இன்னொரு முறை முயன்றாள், அப்போதும் அடித்துப் போட்டது.

“என்ன புள்ள செய்யிற?”

பகல் சாப்பாட்டுக்கு வந்த நிஸ்தார் வாசலில் நின்றான். பஸ்னா எழும்பவில்லை.

“றபீக்காவக் கதவுக்குக் குடுத்துட்டன்,” என்றாள். அவர்கள் இருவருக்குமிடையில் அந்தப் பெயரை முதன்முதல் சொன்னது அவள்தான். இனி அவன் முகம் எப்படிப் போகும் என்று கண்வெட்டாமல் பார்த்தாள்.

நிஸ்தார் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான். “ஐயோ! மருத்துவச்சியக் குடுத்தா கடைசிப் பேய வெல்லவே ஏலாதே. நாலாவது ஆளயெல்லோ குடுக்கணும். அது சும்மா குடுக்கிறதுக்கெண்டே வாற ஆள்.”

“அப்ப நீங்க ஏன் ஒருத்தரயும் குடுக்காம விட்ட?”

“அடுத்த நாள் வேலைக்குக் கத்தாருக்கு பிளைட். பிறகு எங்க நேரம்?”

இவ்வளவுதானா! பஸ்னாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அன்றைக்கு வாவி இறால் பொரியலில் பெரியதையெல்லாம் அவன் தட்டிலேயே போட்டாள். அவன் சாப்பிடும்போதும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வருசமாக அவன் அடைத்துவைத்திருந்த ஆசையை அவளே திறந்துவிட்டாள்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கடையைப் பெடியனிடம் விட்டுவிட்டு வந்தவன், “வா புள்ள, ரெண்டு பேரும் முதலில இருந்து தொடங்குவம்,” என்றான். பஸ்னா அவன் தோளோடு தோள் ஒட்டி இருந்தாள். கலியாணம் முடித்து இவ்வளவு நெருங்கி அவர்கள் பகலில் இருந்ததில்லை.

மெசின் பெயர்கள் கேட்டது. நிஸ்தார் என்று போட்டான். பஹ்மி என்று போட்டான். மருத்துவச்சி வந்தாள். அவன் பெருவிரல் நிற்கவுமில்லை, யோசிக்கவுமில்லை. கடையில் கிடந்த கணக்குத் தொல்லை ஏதோ பஸ்னாவிடம் சொல்லிக்கொண்டே எழுத்தெழுத்தாக றபீக்கா என்று போட்டு முடித்தான்.

பிறகு அவள் பக்கம் திரும்பி, ஆசையோடு கேட்டான். “நாலாவது ஆளுக்கு உன்ட பேரப் போடவா?”

பஸ்னா அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அதில் கள்ளம் இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பாள். ஒரு பொட்டுக் கள்ளமும் இல்லை.

“வேணா,” என்றாள். “உங்கட உம்மாட பேரப் போடுங்க.”