இருபத்தாறு கிராம்

அம்பு செய்வது என் பிழைப்பு. வில் பயிற்சித் திடலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. வருகிறவன் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "லேசா செஞ்சு குடுங்க, சல்லுன்னு போகணும்." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மரவில்லில் இழுத்து வைத்த விசையை அம்பு சுமந்துகொண்டு போக வேண்டும். அம்பில் கனம் இல்லையென்றால் மிச்ச விசை வில்லுக்கே திரும்பும். ஒருநாள் வில் படாரென்று முறியும். வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். சுவரில் எழுதியும் ஒட்டியிருக்கிறேன். கடைசியில் அதைக் கேட்காமல் போனவன் நான்தான்.

என் தங்கச்சியின் வில்லுக்கு இருபத்தாறு கிராம் அம்பு. அவள் கையையும் வில்லையும் பார்த்து நான் தேர்ந்தெடுத்த எடை. பன்னிரண்டு அம்பும் தராசில் ஒரே எண்ணைத்தான் காட்டும். திடலில் எல்லாருக்கும் அவள் வாலு. நாற்பது வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை.

போன வருடம் அவளுக்குத் தசை மெலியும் நோய் என்று தெரிந்தது. மருத்துவமனையிலிருந்து நேரே பட்டறைக்குத்தான் வந்தாள். "இப்போதைக்கு மருந்து வேணாமாம். வில்லை மட்டும் விட்டுடாதீங்கன்னாரு டாக்டர்," என்றாள். நானும் அதற்குமேல் கிண்டவில்லை.

ஞாயிறுதோறும் முப்பது காலடி தூரத்தில் இருக்கும் வைக்கோல் இலக்கில் பன்னிரண்டு அம்பு விடுவாள். லாரி ஓட்டும் மாப்பிள்ளை எங்கே இருந்தாலும் அன்றைக்குப் போன் செய்துவிடுவார்.

"எத்தனை உள்ள விழுந்துச்சு?"

"பத்து."

அவர் பெருமூச்சு விடுவது எனக்கே கேட்கும். "பொண்டாட்டி மேல இவ்வளவு பெருமையா?" என்று கேலி செய்வேன். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

மூன்றாம் மாதத்தில் ஒரு ஞாயிறு ஏழு அம்பு இலக்குக்கு அடியில் மண்ணில் குத்தின. நாண் அவள் வாயோரம் வரை வர வேண்டும். வரவில்லை. அவள் தலையை முன்னால் நீட்டி, வாயை நாணிடம் கொண்டுபோனாள். அப்படிச் செய்வது அவளுக்கே தெரியவில்லை.

"அண்ணா, அம்புல ஏதாச்சும் கோளாறா?"

அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "ஈரம் இழுத்திருக்கும். காய வச்சுத் தரேன்," என்று வாய் கூசாமல் புளுகினேன்.

அந்த வாரம் பன்னிரண்டு அம்பையும் இழைத்து மெலிதாக்கினேன். முனையைச் சின்னதாக மாற்றினேன். பழைய சிவப்பையே பூசி, பழைய மாதிரியே இறகு ஒட்டினேன். இருபத்து நான்கு கிராம். அடுத்த ஞாயிறு பத்து உள்ளே விழுந்தது.

"பாத்தியா, வாலு இன்னும் ஆடுது!" என்று அவள் திடல் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கத்தானே இத்தனையும் செய்தேன்.

அப்புறம் இருபத்திரண்டு. இருபது. பதினேழு. கை மெலிய மெலிய, அவளுக்கு அம்பின் கனம் மாறாத மாதிரியே இருந்திருக்கும். குழம்பிவிடக் கூடாதென்று ஒவ்வொரு முறையும் தேதியையும் எடையையும் தராசுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் குறித்து வைத்தேன். எட்டு மாதம் ஓடியது. ஏதோ பெரிய நல்ல காரியம் செய்கிறேன் என்றுதான் எனக்கு நினைப்பு.

போன ஞாயிறு மாப்பிள்ளை லீவில் வந்திருந்தார். நான் பட்டறைக்குள் இறகு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தபோது அவள் வில் அவர் கையில் இருந்தது. ஸ்டியரிங் பிடித்து உரமேறிய கை. நாணைக் காது வரை இழுத்துவிட்டார்.

"விடாதீங்க மாப்பிள்ளை!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். திடுக்கிட்டு விட்டுவிட்டார்.

வில் இரண்டாக முறிந்தது. ஒரு துண்டு அவர் கன்னத்தைக் கிழித்தது. துணியை வைத்து அழுத்தி அவரை உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தேன். தங்கச்சி மிச்சமிருந்த அம்புகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போய்க்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஓடினேன்.

தராசில் வைத்தாள். பதினேழு. நிமிர்ந்தவள் சுவரைப் பார்த்தாள். மேலிருந்து கீழாக எல்லாவற்றையும் படித்தாள்.

"நீ வருத்தப்படக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"பலம் குறையுற அன்னைக்கே வரச் சொன்னாரு அண்ணா," என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. "உடனே ஊசி போட்டா இருக்கிறதைக் காப்பாத்தலாமாம். போனது திரும்பி வராதாம். குறைஞ்சா எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். வாரா வாரம் அம்பு விடுறீங்களே, அதைவிட வேற என்ன வேணும்னாரு."

மாப்பிள்ளை கன்னத்தைப் பொத்தியபடி வாசலில் நின்றார். அந்தப் பெருமூச்சுகள் எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பயந்துடுவேன்னு."

மறுநாள் மூன்று பேரும் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் அவள் கையை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், தன் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். "எப்பலேருந்து இப்படி?" என்றார்.

"அண்ணனைக் கேளுங்க. அவன்கிட்ட தேதியோட இருக்கு."

சுவரிலிருந்து எழுதிக்கொண்டு வந்த தாளைப் படித்தேன். அவர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தார். முடிந்ததும் முதல் தேதியைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"நாளைக்கே ஊசியை ஆரம்பிச்சிடலாம். மிச்சம் இருக்கிறதுக்குப் போடலாம்," என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வெளியே வந்ததும் தங்கச்சி பெஞ்சில் இருந்த தன் பையை எடுக்கப் போனாள். தோள் வரை தூக்கியவள் முடியாமல் இறக்கிவிட்டாள். நான் பாய்ந்து போய்ப் பையின் அடியில் கை கொடுத்தேன்.

"கையை எடு அண்ணா," என்றாள். "எவ்வளவு கனம்னு எனக்குத் தெரியணும்."

எடுத்துவிட்டேன். இரண்டு கையாலும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, படிக்கட்டில் ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினாள். நான் வெறுங்கையோடு பின்னால் போனேன்.