உன்னை யாரும் தடுக்கவில்லை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருடியது. என் அக்காவிடமிருந்து. ஏழு வருடங்களாக என் கண்ணெதிரே கேட்பாரற்றுக் கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'கொடுமைக்கார அப்பா அவள் கழுத்திலிருந்த விசிலைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசியபோது, அவளுடைய கனவும் அதோடு சேர்ந்து'

இதற்கு மேல் ஓடவில்லை. எங்கள் அப்பா எந்தப் பொருளையும் வீசியவரில்லை. உடைந்த மூக்குக் கண்ணாடியின் ஒற்றைக் காலைக்கூட எதற்காவது ஆகும் என்று டப்பாவில் போட்டுவைப்பவர். தவிர, எங்கள் வீட்டு ஜன்னலில் கொசுவலை அடித்திருக்கிறது.

2

சரி, மறுபடியும்.

அவளை எல்லோரும் விசில் என்றே கூப்பிட்டார்கள். பதினெட்டு வயதிலேயே கால்பந்து நடுவர் தேர்வில் தேறியவள். (ஆட்டக்காரியாக அல்லாமல் நடுவராக யாராவது ஆசைப்படுவார்களா, வாசகர் நம்புவாரா என்று எனக்கே சந்தேகம். அவளிடம் கேட்டேன். "இருபத்திரண்டு பேர் பந்து பின்னாடி ஓடறாங்க. என்ன நடந்ததுன்னு பார்க்க ஒருத்தராவது வேணாமா?" என்றாள்.) ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், தன்னைவிட ஒரு முழம் உயரமான முரட்டு ஆட்களின் மூக்குக்கு நேரே மஞ்சள் அட்டையை நீட்டுவாள். அவர்கள் கத்துவார்கள். முழுக்கக் கத்தி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, குறிப்பேட்டில் சட்டை எண்ணை எழுதிக்கொண்டு நடந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்தால், சாயங்காலம் அவள் எந்த உடை உடுத்த வேண்டும் என்பதை அம்மா முடிவு செய்வாள்.

இருபதாவது வயதில் மேல்நிலை நடுவர் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்துக் கடிதம் வந்தது. வேறொரு நகரத்தில் இரண்டு மாதம். தேறினால் பெரிய போட்டிகள், ஊர் ஊராகப் பயணம். அதே மாதம் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

அப்பா கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஸ்க்ரூ எறும்புத் தலையளவுதான் இருக்கும். கை நடுங்கினால் அது துளையில் இறங்காது, தரையில் இறங்கும். அப்பா குனிந்து தேடுவார். கூடவே, கண்ணாடி இல்லாத வாடிக்கையாளரும் குனிந்து தேடுவார்.

3

இப்போது முக்கியமான காட்சி. வீட்டின் முன்னறை. அப்பா நாற்காலியில், அம்மா கதவோரம், விசில் நடுவில், கையில் கடிதத்தோடு.

"உன்னை யாரும் தடுக்கலைம்மா," என்றார் அப்பா. "தாராளமாப் போயிட்டு வா. கடையை மூடிட்டாப் போச்சு."

"மூடிட்டு நீங்க என்னப்பா பண்ணுவீங்க?"

"சும்மா உட்கார்ந்திருக்கேன். எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்காங்க."

"அவகிட்ட எதுக்கு இதெல்லாம் சொல்றீங்க," என்றாள் அம்மா. "அவ இஷ்டம். இருபத்தாறு வருஷக் கடை. அவ்வளவுதானே."

அன்று அப்பா சாப்பிடவில்லை. கோபமெல்லாம் இல்லை, பசிக்கவில்லையாம். மறுநாள் காலை விசில் கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினாள். 'அவள் கண்களில் நீர்' என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. முதல் நாளே ஒரு லென்ஸைத் தவறாகத் தேய்த்துவிட்டு, அதை எப்படி மறைப்பது என்ற கவலையில் இருந்தாள்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: வில்லனைத் தேடும் வாசகர் மன்னிக்க வேண்டும். எல்லோரும் நல்லவர்கள். குடும்பத்தில் அதுதான் தொல்லை. விசில் ஊதுவதற்கு ஒரு தப்பாட்டமும் கண்ணில் படாது.]

4

போன மாதம் இதுவரைக்குமான பிரதியைக் கடையில் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். புகழ்வாள் என்று நினைத்தேன். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நின்றபடியே படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஒரு ஆளைத்தான் காணோம்."

"யாரை?"

"அந்த அறையில நாலு பேர் இருந்தோம். உன் கதையில மூணு பேர்தான் இருக்காங்க."

சிறுகதைக்குச் சிக்கனம் முக்கியம், தேவையில்லாத பாத்திரத்தை நுழைக்கக் கூடாது என்று ஆரம்பித்தேன்.

"அப்பா முதல்ல உன்னைத்தான் பார்த்தார். ரெண்டு மாசம் கடையில நிக்கிறியாடான்னு கேட்டார். நீ என்ன சொன்னே?"

"ஞாபகமில்லைக்கா."

"'எனக்கு எழுதற வேலை இருக்கு'ன்னே. அப்போ உனக்குப் பதினெட்டு வயசு. ஒரு பக்கம்கூட எழுதினதில்லை."

பிரதியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"அதுக்கப்புறம் வீட்டுல எல்லாரும் சத்தமில்லாம நடந்தோம், தம்பி எழுதறான்னு," என்று சொல்லிவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டாள்.

உண்மைதான். எங்கள் வீட்டில் ஒரு கனவு உட்காரத்தான் இடமிருந்தது. பேருந்தில் துண்டு போடுகிற மாதிரி நான் முந்திக்கொண்டேன்.

5

அடுத்து நடந்ததை நான் கற்பனை செய்திருந்தால் இன்னும் கொஞ்சம் எனக்குச் சாதகமாகச் செய்திருப்பேன். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். மறுபடியும் அதே பயிற்சி. எனக்குத் தெரியாமல் ஒரு வருடமாக விடியற்காலையில் ஓடி, உடல்தகுதித் தேர்வில் தேறியிருக்கிறாள். இருபத்தெட்டு வயதுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். அவளுக்கு இருபத்தேழு.

"திங்கட்கிழமை கிளம்பறேன். ரெண்டு மாசம் கடையில நீ நிக்கிறே."

"எனக்கு இந்த வேலையே தெரியாதே."

"எனக்கும் தெரியாமத்தான் இருந்தது."

"புத்தகம் ஒண்ணு முடிக்கணும்க்கா. பதிப்பாளர்கிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். அதுவும் போக..." நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு சாவியை என் முன்னால் வைத்தாள்.

வீட்டில் அம்மாதான் பதறினாள். "இவன் எழுத்து என்னடி ஆகறது?"

"அவனை யாரும் தடுக்கலையேம்மா," என்றாள் அக்கா.

6

ஆகவே இதைக் கடையிலிருந்து எழுதுகிறேன். ஐந்து வாரமாகிறது. இரண்டு வாக்கியத்துக்கு ஒருவர் வீதம் உள்ளே வருகிறார். என்னைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அவங்க இல்லையா?" அப்பா தினமும் காலையில் வந்து ஓரமாக உட்கார்ந்து என் கைகளைப் பார்க்கிறார். எதுவும் சொல்வதில்லை. நேற்று மட்டும், "அவ சீக்கிரமாக் கத்துக்கிட்டா," என்றார்.

அக்கா ஒருமுறை தொலைபேசியில் பேசினாள். முழங்கால் வீங்கியிருக்கிறதாம். "இன்னைக்கு சரியான முடிவைத்தான் கொடுத்தேன், ஆனா லேட்டாக் கொடுத்தேன்னு திட்டிட்டாங்க," என்று சிரித்தாள். அப்படி அவள் சிரித்துக் கேட்டு வெகுகாலமாகிவிட்டது என்று எழுதலாம். கேட்டதே இல்லை என்பதுதான் சரி.

கதைக்கு முடிவு வேண்டும். இரண்டு வைத்திருக்கிறேன்.

ஒன்று: அவள் தேறுகிறாள், ஊர் ஊராகப் போகிறாள், நான் கடையிலேயே தங்கிவிடுகிறேன். இதை மூன்று வரிகளில் முடித்துவிட்டேன். வறட்டு நடை.

இரண்டு: அவள் தேறாமல் திரும்புகிறாள். பேருந்திலிருந்து நொண்டிக்கொண்டே இறங்குகிறாள். நான் ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொள்கிறேன். "பரவாயில்லைக்கா," என்கிறேன். இதை நான்கு முறை திருத்தி எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் இன்னும் உருக்கமாக வருகிறது. மூன்றாவது திருத்தத்தில் எனக்கே கண் கலங்கியது. இவ்வளவு அன்பாக நான் இதுவரை எதையும் எழுதியதில்லை.

அதனால் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் விட்டால் அவளைத் திரும்ப வரவழைத்துவிடுவேன்.