மூணு பாயிண்ட் ஐயாவின் கடைசிப் பிரசங்கம்

இறையியல் கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் பிரசங்கக் கலையும் ஆராதனை முறையும் சபை இசையும் கற்றுக்கொடுத்தவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'மூணு பாயிண்ட்'. பிரசங்கம் என்றால் மூன்று பாயிண்ட் இருந்தாக வேண்டும். நாலாவது வந்தால் சிவப்பு மை. இரண்டோடு நின்றால் இன்னும் கொஞ்சம் சிவப்பு மை. மனிதர் பொண்டாட்டியோடு சண்டை போட்டாலும் முன்னுரை சொல்லித்தான் ஆரம்பிப்பார் என்று கிண்டல் செய்வார்கள். அதில் பெரிய பொய் ஒன்றுமில்லை.

அந்தப் பொண்டாட்டிதான் கல்லூரி ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். ஊரே கை குலுக்கிப் பாராட்டினாலும் அந்த அம்மாள் வாயிலிருந்து மட்டும் ஒரு நல்ல வார்த்தை விழுந்ததில்லை. ஞாயிறுதோறும் வீட்டுக்கு நடக்கும்போது இவர் கேட்பார்.

"எப்படி இருந்துச்சு?"

"மைக் நல்லா கேட்டுச்சுங்க."

அதோடு சரி. பிரசங்கம் முழுக்க அந்த அம்மாள் அடுத்த பாட்டின் தாளில் எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருப்பார். இவர் 'ஆமென்' என்றதும் ஆர்கன் முழங்கும், ஒரு நொடி பிசகாது. அந்த அம்மாளுக்கு ஒரே குறை, ஆர்கன் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. தேறாத மாணவர்களின் பிரசங்கத் தாள்களை மடித்துத்தான் வாராவாரம் முட்டுக் கொடுப்பார்.

ஓய்வு பெறும் ஞாயிறு வந்தது. இன்றைக்காவது அவள் வாயால் ஒரு 'நல்லாயிருந்துச்சு' வாங்கிவிடுவது என்று பேராசிரியர் இரண்டு மாதமாக வரிந்துகட்டிக்கொண்டு பதினாலு பக்கம் எழுதியிருந்தார். காலையில் பாடற்குழு அறையில் அதைக் கோப்பிலிருந்து வெளியே எடுத்து, பழக்கதோஷத்தில் தன் பிரசங்கத்தையே சிவப்பு மையால் திருத்தினார். பிறகு தாள்களை மேசைமேல் விட்டுவிட்டு அங்கியை மாட்டப் போனார். திரும்பி வந்து கோப்பை எடுத்துக்கொண்டு நேரே மேடையேறினார்.

கோப்பைத் திறந்தால் காலி.

'தாளைப் பார்க்காதீங்க, ஜனங்களைப் பாருங்க' என்று முப்பத்தொரு வருஷம் கத்தியவர் இப்போது ஜனங்களைப் பார்த்தார். ஜனங்களும் அவரைப் பார்த்தார்கள். முதல் பாயிண்ட் எது என்றே நினைவுக்கு வரவில்லை.

"கல்யாணமான புதுசு," என்று எப்படியோ ஆரம்பித்தார். "என் முதல் சபை. எனக்கு இசை தெரியும்னு ஒரு மெதப்பு. நானே பாட்டை எடுத்தேன், எட்டாத உச்சத்துல. ரெண்டாவது வரியில சபை நின்னுடுச்சு, மூணாவது வரியில நானே நின்னுட்டேன். ஆர்கன்ல இருந்த என் மனைவி, அடுத்த சரணத்துக்கு முன்னாடி சத்தமில்லாம சுருதியை ரெண்டு கட்டை இறக்கினாங்க. எல்லாரும் பாடிட்டோம். முடிஞ்சதும் எல்லாரும் என் கையைத்தான் குலுக்கினாங்க. அவங்க இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டினதில்ல. கிருபையைப் பத்தி நான் எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கேன். கண்ணால பார்த்தது அதைத்தான். ஆமென்."

நாலே நிமிஷம். ஒரே பாயிண்ட்.

ஆர்கன் சத்தத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தார். பென்சில் தரையில் கிடந்தது. அந்த அம்மாள் கைகளை மடியில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடற்குழுத் தலைவர் இரண்டு முறை இருமிய பிறகுதான் வாசிக்கத் தொடங்கினார். முதல் சுரமே தப்பு.

எல்லோரும் போன பிறகு, பெஞ்சின் குட்டைக் காலுக்கு அடியில் மடித்த தாள்கள் கண்ணில் பட்டன. குனிந்து உருவினார். பதினாலு பக்கம்.

"ஏய், இது என் பிரசங்கம்!"

"ஐயையோ! ஒரே சிவப்பா இருந்துச்சா, தேறாத பையன் எவனோடதோன்னு நினைச்சுட்டேன்."

வீட்டுக்கு நடந்தார்கள். எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. வாசல் கதவைத் திறக்கும்போது அந்த அம்மாளே சொன்னார்.

"ஏங்க, இன்னிக்கு மைக் எப்படிக் கேட்டுச்சுன்னு நான் கவனிக்கவே இல்லை."